தொலைந்தவர்களை ஏலம் கூவியவள்

பிலோமினா இறந்த செய்தி என்னிடம் வருவதற்குள் ராயபுரம் முழுக்கப் போய்விட்டிருந்தது. மதிய நேரம். திருவொற்றியூரில் எங்கள் தொண்டு நிறுவன அலுவலகத்தில் உட்கார்ந்து காலாண்டு அறிக்கைக்கு எண்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் விஜயா போனில் அழுதார். ஸ்கூட்டரில் வந்தவளை எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி அடித்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றார். வேறு யாருக்கெல்லாம் சொன்னீர்கள் என்று கேட்டேன். டாக்டருக்குச் சொன்னாராம், தர்காவைப் பார்த்துக்கொள்ளும் காதர் பாய்க்குச் சொன்னாராம், தேவா மனைவி அமுதாவுக்குச் சொன்னாராம். "ஒன்னாண்ட எப்படி சொல்றதுன்னு தெர்லமா, அதான் கடைசியா" என்றார். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு. கல்லூரியிலிருந்து அவளோடு இருந்தவள் நான், ஒரு நோயாளியின் மனைவிக்கு அடுத்த இடத்திலா வைக்கப்பட்டேன் என்ற எரிச்சல். பிலோவைத் தெரிந்தவர்களுக்கு எங்கள் இருவருக்கும் இருந்த போட்டியும் தெரியும், அதனால் இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

அவள் செத்ததை விபத்து என்று எழுத எனக்குக் கை வரவில்லை. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் லாரிகள் நம் சாலையில் நாள் முழுக்க வரிசை கட்டி நிற்கின்றன. நகர ஆரம்பித்தால் முந்துகின்றன. அதற்கு நடுவில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மீன் கூடைக்காரிகளும் ஷேர் ஆட்டோவும் போக வேண்டும். நகரத்தின் தெற்கே இப்படி ஒரு சாலை ஒரு வாரம் இருந்திருக்குமா? போலீஸ் வழக்கம்போல ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டது. அந்த ஓட்டுநர் எத்தனை நாள் தூங்காமல் ஓட்டினான், தூக்கம் வராமல் இருக்க எதை விழுங்கினான் என்று யாரும் எழுதவில்லை. பிலோ பிழைத்திருந்தால் ஆஸ்பத்திரிக் கட்டோடு போய் அவனைத் தேடிப் பிடித்து, "இவன் யார் கணக்குல வரான்?" என்று எங்களைக் கேட்டிருப்பாள். உறுதியாகச் சொல்கிறேன், கேட்டிருப்பாள். கேட்டு எங்கள் உயிரை எடுத்திருப்பாள்.

சாவு வீட்டுக்குப் போனபோது மாதா கோயில் சந்து நுழைய முடியாமல் நிறைந்திருந்தது. வெளியே ரோட்டில் நின்ற இரண்டு ஆட்டோக்காரர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"இன்னா மாமு, இம்மாம் ஜனம்? எந்தக் கட்சி?"

"கட்சி இல்ல மாமு. மாத்திரை அக்கா."

"அடப்பாவி, அந்த அக்காவா?" என்றவன் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினான். அவன் யார் என்று எனக்குத் தெரியாது. வடசென்னையில் மனநல வேலை பார்க்கும் எனக்குத் தெரியாத ஒருவன், அவளுக்காகச் சவாரியை விட்டுவிட்டு இறங்குகிறான். உள்ளே கூட்டத்தில் நின்று யார் யார் அழுகிறார்கள் என்று பார்த்தேன். எங்கள் நிறுவனத்தில் சிகிச்சை எடுத்தவர்களே நிறையப் பேர் இருந்தார்கள். நான் பார்த்த நோயாளிகள், நான் மாதக்கணக்கில் பேசி வழிக்குக் கொண்டுவந்தவர்கள். அவளுக்காக அழுதார்கள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க மேடம்" என்று வழிவிட்டார்கள். அவள் அக்கா, நான் மேடம். நான் செத்தால் அலுவலகத்திலிருந்து ஒரு மாலை வரும்.

சமூகப்பணி முதுகலையில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. எனக்கு மதிப்பெண் அதிகம், அவளுக்கு வாய் அதிகம். அவள் அம்மா காசிமேட்டில் மீன் ஏலம் கூறுகிறவர். விடியற்காலை அம்மாவுக்குக் கூடை தூக்கிக் கொடுத்துவிட்டு அப்படியே வகுப்புக்கு வருவாள். முதல் வாரம் பக்கத்தில் இருந்த ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். பிலோ வகுப்புக்கே கேட்கிற மாதிரி, "குந்துடி, வாசனைக்குத் துட்டு கேக்க மாட்டேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நகர்ந்தவளும் சிரித்தாள். என் அப்பா மணலி எண்ணெய் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அவர் சட்டையில் எண்ணெய் நாற்றம் இருப்பதால் கல்லூரி விழாவுக்கு அவரை வர வேண்டாம் என்று சொன்னவள் நான். வகுப்பில் அவள் அப்படிச் சொன்ன நாள் முதல் எனக்கு அவள் மீது பொறாமை. அதற்கு இப்போது நல்ல வயதாகிவிட்டது.

படிப்பு முடிந்ததும் அவள் அரசு மனநலத் திட்டத்தில் ஒப்பந்த ஆற்றுப்படுத்துநர் ஆனாள், நான் தொண்டு நிறுவனத்துக்குப் போனேன். வேலைக்கு வந்த பிறகுதான் நம் பகுதியின் நிலைமை புரிந்தது. அத்திப்பட்டில் அனல்மின் நிலையச் சாம்பல் தின்று, சடையங்குப்பத்தில் வெள்ளத்தில் மிதந்து, ஒப்பந்த வேலையில் இன்று உண்டு நாளை இல்லை என்று வாழ்கிறவனுக்கு மனம் கலங்குவது அதிசயமா? கலங்கினால் அவன் ஒரு சுற்று போவான். முதலில் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி. மாத்திரை தீர்ந்தால் தர்கா. அங்கே கொஞ்சம் தெளிந்தால் எங்களைப் போன்ற நிறுவனம். பிறகு சுகாதார நிலையம். திரும்ப ஆஸ்பத்திரி. நால்வருக்கும் அவன் ஒரே ஆள் என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் எங்களுக்கு விருப்பம் இல்லை. நான்கு இடத்து அறிக்கையிலும் அவன் குணமானவன். ஒரே மனிதன் நான்கு தடவை குணமாகி, வீட்டில் பாத்திரத்தைத் தூக்கி எறிந்துகொண்டிருப்பான். "என் நோயாளி" என்று சொல்வதில் எங்களுக்குள் இருந்த போட்டி, அரிசிக் கடையும் அரிசிக் கடையும் போடுகிற போட்டி மாதிரி. எண்ணிக்கை குறைந்தால் நிதி போய்விடும். அதனால் யாரும் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டோம்.

இதை உடைத்தவள் பிலோ. சனிக்கிழமை மதியம் சுகாதார நிலையத்தின் தடுப்பூசி அறை காலியாக இருக்கும். அங்கே எங்கள் எல்லோரையும் கூப்பிட்டாள். முதலில் வெள்ளிக்கிழமை என்றுதான் சொன்னாள். காதர் பாய், "ஏம்மா, ஜும்மாவுக்கு என்னை லீவு போடச் சொல்றியா?" என்று கேட்டதும் சனிக்கு மாற்றினாள். நான் எங்கள் சாதனைகளை அழகாகத் தொகுத்து எடுத்துப் போயிருந்தேன். விஜயாவும் பேச ஆரம்பித்தார்.

"எங்க சென்டர்ல எல்லாரையும் நல்லா பாத்துக்கினுதான் கீறோம்."

"யக்கா, நல்லா பாத்துக்கினத சொல்றதுக்கு வேற மீட்டிங் கீது, அங்க டீயும் நல்லா கீது" என்றாள் பிலோ. "இங்க வந்தா தொலைச்சத சொல்லு. ஒன் கையவுட்டுப் போன ஒரே ஒரு ஆளு."

ஆளாளுக்குக் கொண்டுவந்த கோப்பைப் புரட்டினோம். கடைசியில் அவளே ஆரம்பித்தாள். தேவா என்று ஒரு படகுத் தொழிலாளி, காதில் குரல் கேட்கிறவன், அவளிடம் வந்துகொண்டிருந்தவன், மழைக்காலத்துக்குப் பிறகு காணவில்லை. "நான் தொலைச்சேன். யாராண்ட கீறான்?" என்று அம்மாவின் ஏலக் குரலில் கூவினாள். நான் தயக்கமாக, அவன் எங்களிடம் வந்து சிகிச்சை முடித்துவிட்டான், முழுக் குணம் என்று பதிவாகியிருக்கிறது என்றேன். காதர் பாய் தாடியைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். மகளே என்பதை அவர் உருதுவில் பேட்டி என்றுதான் சொல்வார். "முழுக் குணமா? பேட்டி, அவன் மூணு வாரமா நம்ம தர்கா மரத்தடியில படுத்துக் கெடக்கான். வர்றியா, காட்டறேன்."

அன்றைக்கு நான் மேசையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆனால் பிலோ என்னைக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபித்துக்கொண்டு வெளியேறியிருக்கலாம். "சூப்பர், ஆள் கெடச்சிட்டான்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்துக்கு ஏலம் என்றே பெயர் வந்துவிட்டது. உலகத்தில் எவரும் எடுக்க விரும்பாத சரக்கை நாங்கள் சனிக்கிழமைதோறும் ஏலம் கேட்டோம். பிறகு ஒரு கட்டுப்பாடும் கொண்டுவந்தாள். சம்பந்தப்பட்ட ஆளிடம் கேட்காமல் அவன் பெயரைக் கூட்டத்தில் சொல்லக் கூடாது. முதல் கூட்டத்தில் தேவாவின் பெயரை அவளே கேட்காமல் சொன்னாள் அல்லவா, அதற்கு நேராகத் தர்காவுக்குப் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். அவன், "பரவாயில்லக்கா, எல்லாருக்கும் சொல்லு. எங்க போட் ஓனருக்கு மட்டும் வோணாம்" என்றான்.

அந்த ஓனருக்கு ஏன் வேண்டாம் என்பதைச் சொல்ல வேண்டும். தேவா போவது விசைப்படகு. ஐஸ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் வாரம், பத்து நாள் கடலிலேயே தங்கல். ஒருமுறை மாத்திரை இல்லாமல் போயிருந்தபோது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று படகின் விளிம்பில் ஏறிவிட்டான். கூட இருந்தவர்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள். ஓனர் அதைக் குடி என்று நினைத்து நான்கு வார்த்தை திட்டிவிட்டு விட்டுவிட்டார். இதுதான் நம் ஊர் நியாயம். குடித்தேன் என்றால் மன்னிப்பு உண்டு, மனசு சரியில்லை என்றால் படகிலிருந்து இறக்கிவிடுவார்கள். இறங்கினால் அமுதாவுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு இல்லை. ஏறினால், கையில் கொடுப்பது சில நாள் மாத்திரைதான், அது தீர்ந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அந்தக் குடும்பம் நின்றது அந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

நான்கு இடத்துக் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்தோம். யார் சரியான நாளில் மாத்திரை வாங்க வருகிறார்கள், யார் வரவில்லை என்பதுதான் நாங்கள் முக்கியமாகப் பார்த்தது. அந்தக் கோடைக்காலத்தில் வருகிறவர்களின் எண்ணிக்கை ஏறியது. ஏறிக்கொண்டே போனது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. காதர் பாய் பிரியாணி கொண்டுவந்தார். நான் அதை வண்ணக் கோடாக வரைந்து சுவரில் ஒட்டி, கூட்டு முயற்சியின் வெற்றி என்று தலைப்புப் போட்டு அறிக்கையும் அனுப்பிவிட்டேன். அந்தக் கோட்டின் முன்னால் நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். பிலோ விரலை வைத்துக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

பிறகு ஒருநாள் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து எனக்குப் போன் செய்தாள். பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம்.

"மகா, இங்க வந்து பாருடி. நம்ம கோடு கெளம்பிக் கடலுக்குப் போவுது."

"இன்னாடி உளர்ற?"

"தடைக்காலம் முடிஞ்சிச்சுடி! ஐஸ் ஏத்திக்கினு கீறானுங்க. நம்ம ஆளுங்க அத்தினி பேரும் போட்ல நின்னு எனக்கு டாட்டா காட்றானுங்க."

கோடையில் இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஆண்கள் கரையில் சும்மா இருப்பார்கள். சும்மா இருக்கிறவன் மாத்திரை வாங்க வந்தான், அவ்வளவுதான். இந்தக் கரையில் பிறந்த நாங்கள், தடைக்காலத்தில் மீன் விலையைத் திட்டிக்கொண்டே கருவாடு வாங்கித் தின்ற நாங்கள், எவருமே அதை யோசிக்கவில்லை. ஏலக்காரியின் மகளும் யோசிக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்ற ஆசை எங்கள் எல்லோர் கண்ணையும் ஒன்றுபோல மறைத்துவிட்டது.

அறிக்கை அனுப்பியாகிவிட்டது, பேசாமல் விடு என்றேன். கடலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தால் எண்கள் சரியாகிவிடும் என்றேன். அவள் கேட்கவில்லை. அடுத்து நடந்த ஆய்வுக் கூட்டத்தில் அதிகாரிகள், நிதி தருகிறவர்கள் எல்லோரும் இருக்கும்போது என் கோடு திரையில் வந்தது. பிலோ எழுந்தாள். "சார், இந்தக் கோட்ட ஏத்தினது நாங்க இல்ல, தடைக்காலம். இப்ப எறங்கிட்டுக் கீது. எறங்குனதப் பேசலாமா?" என்றாள். என் நிறுவனத் தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த அறை முழுக்கச் சிரித்தது. ஒரு பெரிய அதிகாரி, நேர்மையான அணுகுமுறை என்று பாராட்டினார். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல். அந்தக் கூட்டத்திலேயே, தங்கல் போகிறவர்களுக்கு ஒரு மாதத்துக்கான மாத்திரையை மொத்தமாகக் கொடுக்கலாம் என்று சுகாதார நிலைய டாக்டர் ஒப்புக்கொண்டார். வெற்றி என்று அறிக்கை எழுதிய எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. தோற்றோம் என்று சொன்னவளுக்கு மாத்திரை கிடைத்தது, பாராட்டும் கிடைத்தது. தோல்வியைச் சொல்லிப் பெயர் வாங்குகிற தைரியம் எங்கே விற்கிறது? நானும் வாங்கியிருப்பேன்.

மாத்திரை கையில் இருந்தால் மட்டும் போதுமா? கடலில் ஞாபகப்படுத்த ஒருவர் வேண்டும். பிலோ தேவாவைக் கேட்டாள், போட்டில் யாரிடம் சொல்லலாம் என்று. அவன் நாள் முழுக்க யோசித்துவிட்டு சமையல்காரரின் பெயரைச் சொன்னான். இதைக் கேள்விப்பட்டு ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் அவளோடு சண்டை போட்டேன்.

"நோயாளியோட ரகசியத்த சமையல்காரன்கிட்ட சொல்றதா? சட்டம் தெரியுமாடி ஒனக்கு?"

"ஒன் கூடத்தானடி படிச்சேன்."

"நீ எங்க படிச்ச, பின்னாடி குந்திகினு தூங்கின."

"தூங்கும்போது காதுல வுழுந்துச்சு. கேட்டுட்டு சொல்லலாம்னு கீது. கேட்டேன், அவன் சொன்னான், அவன் பக்கத்துல நின்னு அவன் வாயாலயே சொல்ல வெச்சேன். இன்னும் இன்னா?"

"அந்த ஆள் ஓனர்கிட்ட போட்டுக் குடுத்தா?"

"குடுக்க மாட்டான். தேவா அவன் கூட பத்து வருசமா ஒரே தட்டுல துன்றான். நீயும் நானும் அவன எத்தினி நாளா பாக்கறோம்?" என்று சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த பஜ்ஜியில் பாதியைப் பிய்த்துக்கொண்டாள். "ஒருத்தன் யார நம்பறான்னு நாம முடிவு பண்ண முடியாதுடி. அவன கேளு, எய்திக்கோ. அதான் டேட்டா."

அந்தச் சமையல்காரர் ராத்திரிச் சோற்றோடு மாத்திரையை எடுத்து வைத்தார். தேவா போய் வந்தான், திரும்பப் போனான். விளிம்பில் ஏறவில்லை. பிறகு மற்ற படகுகளிலும் இதையே செய்தோம், ஒவ்வொருவரும் தன் ஆளைத் தானே சொன்னார்கள். ஒருவன் ஐஸ் உடைப்பவரைச் சொன்னான், ஒருவன் மச்சானைச் சொன்னான், ஒருவன் யாரையுமே சொல்ல மாட்டேன் என்றான். மாட்டேன் என்றவனை விட்டுவிட்டோம். கூட்டத்தில் அவன் பெயரை மட்டும் மறக்காமல் வைத்துக்கொண்டோம்.

அவளைப் புனிதை ஆக்குவதற்காக இதை எழுதவில்லை. எந்தக் கூட்டத்துக்கும் நேரத்துக்கு வர மாட்டாள். மின்னஞ்சலுக்குப் பதில் போட மாட்டாள், நான்தான் அவளுக்கும் சேர்த்துப் போட வேண்டும். அடுத்தவர் டிபன் பாக்ஸைக் கேட்காமல் திறப்பாள். பத்திரிகைக்காரர்கள் வந்தால் நடுவில் போய் நிற்பாள், பிறகு படத்தைக் காட்டி, "நீ ஓரத்துல நின்னா நான் இன்னாடி பண்றது?" என்பாள். தன்னடக்கம் என்பது அவள் அறியாத சரக்கு. நம் பக்கத்துப் பெண் நடுவில் போய் நின்றால்தான் தெரிவாள் என்பது அவள் கட்சி. அதிலும் அவள் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ள இன்னும் எனக்கு மனமில்லை.

இரங்கல் கூட்டத்தில் அதிகாரிகள் ஈடு செய்ய முடியாத இழப்பு என்று பேசினார்கள். அதைக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள் போலிருக்கிறது, அவள் இடத்துக்கு இன்றுவரை யாரையும் போடவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தை நீயே நடத்து என்று என்னிடம் சொன்னார்கள். இத்தனை வருடமாக நான் ஆசைப்பட்ட இடம் அது. இப்படிக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

அவள் செத்தபோது தேவா கடலில் இருந்தான். கரைக்கு வந்து விஷயம் தெரிந்ததும் கல்லறைக்குப் போய் உட்கார்ந்தவன், வீட்டுக்குத் திரும்பியதும் மாத்திரையை நிறுத்திவிட்டான். படகு ஞாயிறு சாயங்காலம் கிளம்புகிறது, நீங்கள் வந்து சொல்லுங்கள் என்று அமுதா கூப்பிட்டாள். சனிக்கிழமை காலை காசிமேட்டுக் குடியிருப்பில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தேவா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"அக்கா சொல்லிச்சு, சாப்ட்டேன். அக்கா இல்ல. அப்பால இன்னாத்துக்கு?"

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொன்னேன். குரல்கள் திரும்ப வரும் என்றேன். கடலில் நடந்ததை ஞாபகப்படுத்தினேன். நான் சொன்ன ஒவ்வொன்றும் சரியானது. அவன் திரும்பிப் பார்த்து, சண்டை இல்லாத குரலில் சொன்னான்.

"மேடம், நீங்க நல்லவங்கதான். ஆனா நீங்க பேசறது நியூஸ் படிக்கிறாப்ல கீது."

"யோவ், வாய மூடு!" என்று அமுதா கத்தினாள். "வூடு தேடி வந்துகீறாங்க, பேச்சப் பாரு. நீ போட்ல ஏறி கடல்ல குதி, நான் புள்ளைங்கள இஸ்துக்கினு பின்னாடியே வரேன்."

அவன் பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். கூட்டத்தில் உன்னைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். "யாராண்ட வோணா பேசுங்க மேடம், அக்கா வரப் போவுதா?" என்றான்.

மதியம் தடுப்பூசி அறைக்குப் போனேன். பழக்கதோஷம், இந்த வாரம் புதிதாக வந்தவர்கள் இத்தனை பேர் என்றுதான் ஆரம்பித்தேன். விஜயா கையைக் காட்டி நிறுத்தினார். "அத்த அப்பால பாக்கலாம் மகா. யார தொலைச்ச?"

கையிலிருந்த தாளை மடித்து வைத்தேன். நான் கெட்டிக்காரி, என் கையை விட்டு யாரும் போக மாட்டார்கள் என்று காட்டுவதற்காகவே இத்தனை காலம் அந்த அறைக்கு வந்துகொண்டிருந்தேன். அவள் கேட்டபோதெல்லாம் சுலபமான ஆட்களாகப் பார்த்துச் சொல்லித் தப்பித்திருக்கிறேன், அது அவளுக்கும் தெரியும். இப்போது வேறு வழியில்லை, நாளைக்குப் படகு கிளம்புகிறது. "தேவா" என்றேன். "என்னால முடியல. நான் பேசினா அவன் கேக்க மாட்டேங்கிறான். யாராவது எடுத்துக்கோங்க."

காதர் பாய் உடனே, "நான் எடுத்துக்கறேன்" என்றார். "ஆனா மாத்திரையப் பத்திப் பேச எனக்குத் தெரியாது. விஜயாம்மா கூட வரட்டும்."

"நானும் வரேன்" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீ வேணாம் பேட்டி" என்றார் பாய், மென்மையாகத்தான். "ஒன்னப் பாத்தா அவனுக்கு அந்தப் பொண்ணு ஞாபகம் வருது. ரெண்டு பேரும் எப்பவும் சண்ட போட்டுக்கிட்டே ஒண்ணா வருவீங்க இல்ல."

ஞாயிறு முழுக்க நான் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன். நடந்ததை மறுநாள் மார்க்கெட்டில் வைத்து அமுதா சொன்னாள். பாய் மாத்திரை என்ற பேச்சையே எடுக்கவில்லையாம். தேவா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பிலோவைப் பற்றிப் பேசி அழுதாராம், தேவாவும் அழுதானாம். அப்புறம் மூவரும் சாப்பிட்டார்களாம். போட்டிலிருந்து சமையல்காரரையும் வரவழைத்திருக்கிறார்கள். எல்லோர் முன்னாலும் விஜயா மாத்திரையை எடுத்து வைத்து, "இப்ப நீ சொல்லு, சாப்பிடறதும் சாப்பிடாததும் ஒன் இஷ்டம்" என்றாராம். அதற்கு அவன், "இந்தத் தங்கலுக்குச் சாப்படறேன். திரும்பி வந்து பேசிக்கலாம்" என்றானாம். அங்கேயே ஒன்றைப் போட்டுக்கொண்டு படகுக்குப் போயிருக்கிறான்.

"என்ன பத்தி தேவா எதுனா கேட்டாரா?" என்று அமுதாவிடம் கேட்டேன்.

"இல்லியே மேடம்" என்றாள்.

இதை எழுதும்போது தேவா கடலில் இருக்கிறான். திரும்பி வந்ததும் திரும்பவும் மறுக்கலாம், அப்போது திரும்பவும் யாராவது போக வேண்டும். எனக்கு இப்போது பாய் மீதும் பொறாமை, விஜயா மீதும் பொறாமை. அவர்களால் முடிந்தது என்னால் முடியவில்லை. ஆனாலும் நான் வாய் திறந்து முடியவில்லை என்று சொன்னதால்தான் அவர்கள் போனார்கள் என்பது எனக்குத் தெரியும். எந்த அறிக்கையிலும் அதற்குக் கட்டம் கிடையாது.

பிலோமினாவிடமிருந்து என்ன எடுத்துக்கொண்டாய் என்று இரங்கல் கூட்டத்தில் யாரோ கேட்டார்கள், அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். அவள் மீது எனக்கு இருக்கும் பொறாமையை வைத்துக்கொண்டேன். அதைத் தவிர வேறெதுவும் இல்லை. அவளைத் தெய்வமாக்கிக் கும்பிட்டிருந்தால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். பொறாமை அப்படித் தூங்க விடாது. அவளுக்கு முடிந்தது உனக்கு ஏன் முடியாது என்று காலையில் எழுப்பிக் காசிமேட்டுக்கு அனுப்பும். தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் எல்லோரோடும் பங்கு போட்டவள் அவள். எனக்கு அந்தக் குணம் கிடையாது. இந்தப் பொறாமை ஒன்றை மட்டும் யாருக்கும் பங்கு தர மாட்டேன்.